ஹெத்தே ஹதர

வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கினால்
காலி வீதியில் புடவைக்கடைக்குப் புடவைக்கடை ஒரு வங்கி.
சம்பளம் போட ஒரு கணக்கு எண் வேண்டும் என்று
இரத்மலானைத் தொழிற்சாலையில் கெடு கொடுத்திருந்தார்கள்:
வெள்ளிக்கிழமை.

தையல் பிசகைத் தேடிப் பிடிப்பது என் வேலை.
திருப்பூரில் பதினோரு வருஷம்
காலர், கைமடிப்பு, பொத்தான் துளை.
வங்கியையும் உட்புறம் திருப்பிப் பார்ப்பதென்று முடிவு.

முதலாவதில் கதவு தானாகத் திறந்தது.
சில்லிட்ட சோபா. கேட்காமலே வந்த கோப்பி.
டை கட்டிய இளைஞன்
வட்டி வீதத்தை விரல் நுனியில் மலர்த்திக் காட்டினான்.
நான் கேட்டேன்:
"ஒரு நாள் வந்து கேட்கிறேன், உங்களிடம் பணம் இல்லை.
அன்றைக்கு என்ன சொல்வீர்கள்?"
"அப்படியொரு நிலைமை வராது, மேடம்."
சிரிப்பில் ஒரு தையல்கூட விலகவில்லை.
அதுதான் உறுத்தியது.

என் அப்பா பழனியப்பன்
இதே வாக்கியத்தை ஒரு சீட்டுக் கம்பெனியில் கேட்டுவிட்டு
நிம்மதியாக வீடு திரும்பியவர்.

இரண்டாவது வங்கிக்குப் போன நாள் போயா.
பௌர்ணமிக்கு வங்கி மூடும் என்று
எந்த நிலவும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாவதில் மின்விசிறி, நூலில் கட்டிய பேனா,
கையில் எழுபத்துநான்காம் எண் துண்டு.
எண்ணைச் சிங்களத்தில் கூப்பிட்டார்கள்.
தமிழில் கூப்பிடும்போது ஒலிபெருக்கி கரகரத்தது.
எனக்குப் பின்னால் வந்தவர்கள் எழுந்து போனார்கள்,
நான் நாகரிகமாக உட்கார்ந்திருந்தேன்.
பக்கத்திலிருந்தவர், பாஸ்புத்தகத்தை
ஷாப்பிங் பையில் சுற்றி வைத்திருந்தவர்,
என் துண்டை எட்டிப் பார்த்துப் பதறினார்:
"மிஸ், ஹெத்தே ஹதர! ஹெத்தே ஹதர!"

வணக்கமும் அல்ல, தண்ணீரும் அல்ல.
இந்த நாட்டில் நான் கற்ற முதல் சொல்
வரிசையில் என் இடம்.

"மிஸ் பழனியப்பன்?"
கடவுச்சீட்டில் அப்பாதான் என் குடும்பப் பெயர்.
கோகிலவாணி என்று திருத்தினேன்.
"ரெண்டையும் எழுதுவம்" என்றாள் ஜெசீமா,
மூன்று எழுத்துகளில் பெயர் குத்தியிருந்தவள்.

விசா சரி. வேலைக் கடிதம் சரி.
லைட் பில் மட்டும் வீட்டுக்கார மிஸிஸ் மச்சாடோ பெயரில்.
"அப்ப கிராம சேவகர்ட கடிதம் வேணும்."
"கொழும்பில் ஏதுங்க கிராமம்?"
"கொழும்பு முழுக்கக் கிராமம்தான், மிஸ்."

அவளிடமும் கேட்டேன், அதே கேள்வி.
மேனேஜரின் கண்ணாடி அறையை ஒரு முறை பார்த்துவிட்டு
குரலைத் தணித்தாள்:
"டொலர் இல்லாத அந்த வருஷம்
இல்லண்டுதான் சொன்னோம்.
ஏச்சு வாங்கினோம்.
ஆனா கவுண்டரப் பூட்டல்ல."

வட்டி அரை வீதம் குறைவு.
பணம் எடுக்கும் மெஷின் அடிக்கடி படுத்துவிடும்,
அதையும் அவளே சொன்னாள்.

வியாழக்கிழமை கடிதத்தோடு போய்
படிவத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.
பின்னுரித்தாளி.
நாமினி என்றே பழகியவளுக்கு
இந்தச் சொல்லில் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள்.
கை தானாகப் பழைய பெயர் ஒன்றை எழுதப் போனது.
முதலெழுத்தின் சுழி விழுந்துவிட்டது.
தீர்ப்பு வந்து இரண்டு வருஷமாகிறது,
கைக்கு இன்னும் நகல் போய்ச் சேரவில்லை போலும்.

ஜெசீமா எதுவும் கேட்கவில்லை.
புதுப் படிவம் ஒன்று தந்தாள்.
அந்தக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து
"பிறகு எழுதலாம்" என்றாள்.

ஐயாயிரம் ரூபாய்.
அச்சு இயந்திரம் என் பாஸ்புத்தகத்தைக் கடித்துத் துப்பியது.

வெளியே மழை பிடித்திருந்தது.
புத்தகத்தை ஷாப்பிங் பையில் சுற்றிக்கொண்டு
எதிர்க் கடையில் ஒதுங்கி ஒரு தேத்தண்ணி குடித்தேன்.
எவ்வளவு என்றதற்குக் கடைக்காரர்,
"ஹெத்தேவ."

என் எண்ணின் முன்பாதி.
நான்கை மட்டும் விட்டுவிட்டு
சில்லறை எண்ணினேன்.